வாரத்துக்கு ஒரு ஆயா

திருவள்ளூர்
10-11-1975

மதிப்பிற்குரிய வெல்ஃபேர் ஆபீசர் பூவராகவன் அவர்களுக்கு,

காக்களூர் பல்பு ஃபாக்டரியில் டெஸ்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் எ. ஸத்யபாமா பணிவுடன் எழுதிக்கொள்வது. வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளுக்காக வைத்திருக்கும் தொட்டில் ரூமில் வாரம் ஒரு ஆயா மாறிக்கொண்டிருக்கிறாள். குழந்தைகள் ஏங்கிப் போகின்றன. ஒரே ஆளை நிரந்தரமாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆபீசருக்கு இவ்வளவுதான். இனிமேல் என் அண்ணாவுக்கு.

அண்ணா, சித்திரையிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. நீ இருக்கிற கம்பெனியில் உன்னிடம் சொல்லாமல் மனுப் போட்டு வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று கோபம். சொல்லியிருந்தால், தங்கைக்குச் சிபாரிசு பண்ணினான் என்று நாலு பேர் பேசுவார்கள் என்று தடுத்திருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டியில் புது யூனிட் கட்டப் போனவன் அங்கேயே குடியேறிவிட்டாய். தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. உன் பங்குத் தீபாவளி மருந்தையும் நானே தின்று தீர்த்தேன்.

கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வை, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். இது அம்பு விஷயம். உன் மருமாள் அம்புஜவல்லிக்கு ஒன்றரை வயசு ஆகிவிட்டது, தெரியுமா? வெள்ளிக்கிழமை வரும்போது ஆயாவிடம் பழகி, நாலு வாய் தயிர்சாதம் வாங்கிக்கொள்கிறாள். திங்கட்கிழமை போனால் வேறு முகம். மறுபடி முதலிலிருந்து அழுகை. ஒருத்தி "பாப்பா" என்கிறாள், ஒருத்தி "கண்ணு" என்கிறாள், போன வாரக்காரி "அய்யரு ஊட்டுக் கொயந்த" என்றாள். எந்தப் பெயருக்குத் திரும்புவது என்று அவளுக்கே தெரியவில்லை. நான் கொடுத்தனுப்பும் சாதம் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. கன்னம் ஒட்டிப் போய்விட்டது.

ஆத்தில் விட்டுவிட்டு வரலாம் என்றால், இவர் விடியுமுன் கோயில் மடைப்பள்ளிக்குப் போகிறார். மடியோடு இருக்கிறவர் குழந்தையைத் தொட முடியாது. எனக்கோ இந்த வேலை பிடித்திருக்கிறது அண்ணா. ஒவ்வொரு பல்பும் முதல் தடவையாக என் கையில்தான் எரிகிறது. விட மனசில்லை. ஏதாவது செய்.

பாமா


கும்மிடிப்பூண்டி
15-11-1975

சௌ. ஸத்யபாமாவுக்கு,

மனு கிடைத்தது. ஆபீசருக்கு எழுதியதற்கு ஆபீசர் பதில் சொல்கிறேன்.

தொட்டில் ரூமில் வாரம் ஒரு ஆயா என்பது கவனக்குறைவு இல்லை. நான் யோசித்து வைத்த முறை. அது உட்கார்ந்து பார்க்கும் வேலை என்பதால் எல்லோருக்கும் அதன்மேல் கண். நான் வருவதற்கு முன்னால் சூபர்வைசருக்கு வேண்டிய ஒருத்தியே அங்கு நிரந்தரமாக உட்கார்ந்திருந்தாள். மற்ற பெண்கள் கொதித்துப் போயிருந்தார்கள். பாக்கிங் செக்‌ஷன் பெண்கள் எல்லோருக்கும் வாரம் ஒருத்தியாகச் சுற்றிவிட்டேன். அன்றோடு சண்டை நின்றது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாதா? கோயில் கைங்கர்யத்தை நம் குடும்பமும் பங்காளிகளும் முறை வைத்துத்தானே செய்கிறோம்? ஒருத்தர் கையில் விட்டால் வழக்கு, முறை வைத்தால் நிம்மதி. தாத்தா காலத்திலிருந்து பார்த்த பாடம் அது.

இன்று அதை உனக்காக மாற்றினால், "ஆபீசர் தங்கச்சி வந்தாங்க, சட்டம் மாறிப்போச்சு" என்பார்கள். என்னால் முடியாது. குழந்தை போகப் போகப் பழகிக்கொள்வாள்.

பூவராகவன்

பி.கு.: மருந்து முழுவதையும் தின்றாயா? வயிறு என்ன ஆயிற்று?


திருவள்ளூர்
24-11-1975

அண்ணா,

வயிறு நன்றாக இருக்கிறது. பி.கு. போட்ட அண்ணாவுக்கு நமஸ்காரம், மேலே எழுதிய ஆபீசருக்கு ஒன்றும் கிடையாது.

கோயிலைக் கொண்டுவந்து தொட்டில் ரூமில் வைக்கிறாயே, உன்னை என்ன சொல்ல! இந்த மாசம் நீ, அடுத்த மாசம் பங்காளி என்று யார் வந்து நின்றாலும் பெருமாள் அழமாட்டார். யார் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வார், அவர் பெருமாள். அம்பு ஒன்றரை வயசுக் குழந்தை. கொடுக்கிற கை தெரிந்த கையாக இருந்தால்தான் வாயைத் திறப்பாள். முறை செய்கிறவர்களுக்கு நியாயம் பார்த்தாய், தொட்டிலில் கிடக்கிறவர்களுக்கு யார் பார்த்தார்கள்?

ஆனாலும் உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "என் ஒருத்திக்காக மாற்றினால்தானே தப்பு? எல்லாரும் சேர்ந்து கேட்டால்?" என்று டிபன் நேரத்தில் பாக்கிங் செக்‌ஷனுக்குப் போனேன். பெரிய தலைவி மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த முறையை எடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. சந்திரகலா என்று ஒருத்தி, வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருகிறவள், எழுந்து நின்று கேட்டாள்:

"நீ டெஸ்டிங்ல நாற்காலி போட்டு ஒக்காந்துகினு இருக்கறவ. காலைல வந்தா சாயங்காலம் வரைக்கும் நாங்க நின்னுகினே பல்பு கட்டறோம். காலு வீங்கிப்போவுது. எங்களுக்கு ஒக்கார கெடைக்கறதே அந்தத் தொட்டில் ரூம் வாரந்தான். அதையும் புடுங்கிக்க வந்துட்டியா? இன்னா நாயம்மா இது?"

தினமும் அந்த செக்‌ஷனைத் தாண்டித்தான் போகிறேன், நிற்கிறார்கள் என்று கண்ணில் பட்டதே இல்லை. அவர்களிலே மணியம்மாள் என்று ஒருத்தி மட்டும் என் பக்கம் வந்து, "உம் பொண்ணு துன்னுதா? எம் மொறையில நல்லா துன்னுச்சே" என்று விசாரித்தாள். அவள் வாரத்தில்தான் அம்பு கிண்ணத்தைக் காலி பண்ணினாள். என்ன செய்தாய் என்று கேட்டால் சிரிக்கிறாள்.

தோற்றுப்போய் எழுதுகிறேன். ஆனால் விடமாட்டேன்.

பாமா


கும்மிடிப்பூண்டி
29-11-1975

பாமாவுக்கு,

நான் சொன்னது சரியாயிற்றா? ஊர் நியாயம் தெரியாமல் வரிந்து கட்டிக்கொண்டு போனால் இப்படித்தான். பாக்கிங் மேஜை உயரமானது, நின்றுதான் கட்ட வேண்டும், அது அந்த வேலையின் குணம். அதற்கு ஈடாகத்தான் முறை இருக்கிறது.

இன்னொன்று. நாடு இப்போது இருக்கிற இருப்பில் கூட்டம், கோஷம் எதுவும் வேண்டாம். நீ தொண்டையைக் கனைத்தது மானேஜர் காதுக்குப் போயிருக்கிறது. எனக்கு ட்ரங்க் கால் போட்டு, "உங்க சிஸ்டர் லீடராமே?" என்று கேட்டார். எப்படி இருந்திருக்கும் எனக்கு?

இங்கே ஷெட்டுக்குக் கூரை போட்டாயிற்று. மெஷின்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. காற்றும் மணலும் தாங்க முடியவில்லை. ஹோட்டல் சாப்பாடு.

பூவராகவன்


திருவள்ளூர்
8-12-1975

அண்ணா,

ராத்திரி தூக்கம் வராமல் எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னித்துக்கொள்.

இன்று திங்கட்கிழமை. புது ஆயா. பத்தரை மணி இருக்கும், தொட்டில் ரூமிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "ஒரு கொயந்தயக் காணோம்!" எந்தக் குழந்தை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. காலையில்தானே முதல்முதலாகப் பார்க்கிறாள், பாவம். ஒவ்வொரு அம்மாவாக ஓடிப் போய்ப் பார்த்தோம். எல்லாருடைய குழந்தையும் இருந்தது. என் அம்பு இல்லை.

ஃபாக்டரிக்குப் பின்னால் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, நேரே அங்கே ஓடினேன். மழைத் தண்ணீர் விளிம்பு வரை நிற்கிறது. கலங்கல். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கன்வேயரை நிறுத்திவிட்டார்கள். ஆண்கள் இரண்டு பேர் தொட்டியில் குதித்துத் துழாவினார்கள். கேட் வாட்ச்மேன் ரோடு வரை ஓடினான்.

அப்போது மணியம்மாள் பாக்கிங்கிலிருந்து வந்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டில் ரூம் வாசலில் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள்.

"அம்பூ! காக்கா வந்துட்ச்சுடீ! உன் தயிர்சோத்தத் தூக்கினு போவுதுடீ!"

பக்கத்து அறையில் பல்பு கட்டுவதற்கு வைக்கோல் அடுக்கி வைத்திருப்பார்கள். அதற்குள்ளிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்: "ச்சூ! போ!"

என் பெண் காக்காயை விரட்டினாள் அண்ணா! தலை முழுக்க வைக்கோலோடு தவழ்ந்து வெளியே வந்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு அழுதேன், பாக்கிங் பெண்கள் அத்தனை பேரும் அழுதார்கள், மணியம்மாள் மட்டும் புது ஆயாவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் முறை பார்த்தவள் பிற்பாடு மெதுவாகச் சொல்கிறாள்: "அது டெய்லி வைக்கப்போருக்குத்தான் ஓடும். நான் இஸ்துகினு வந்துடுவேன். சொல்லணும்னு தோணல." யாரையும் குறை சொல்ல வாய் வரவில்லை. ஒருத்திக்குத் தெரிந்தது அடுத்தவளுக்குப் போய்ச் சேராது. உன் முறையில் அதற்கு இடமில்லை.

இவர் கேள்விப்பட்டு மடைப்பள்ளியிலிருந்து ஓடிவந்தார். மடியாவது ஒன்றாவது, குழந்தையை வாரி எடுத்துக்கொண்டார். ராத்திரி சாப்பிடும்போது நிதானமாகச் சொன்னார்: "மார்கழி முடியட்டும் பாமா. தை பொறந்தா நீ வேலையை விட்டுடு. அரை வயிறு சாப்ட்டாலும் நிம்மதியா இருக்கலாம்." அவர் கோபித்துக்கொண்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கண் கலங்கிச் சொன்னவரிடம் என்ன பேசுவது?

தை வரைக்கும்தான் எனக்குக் கெடு.

பாமா


கும்மிடிப்பூண்டி
13-12-1975

பாமா,

கடிதம் வந்ததிலிருந்து வேலை ஓடவில்லை. அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு நாளைக்கே மூடி போடும்படி தந்தி கொடுத்திருக்கிறேன். அதற்கு யார் முறையும் தேவையில்லை, யாரும் ஒன்றும் சொல்லவும் முடியாது. அதை முன்பே செய்யாததற்கு என்னை நீ திட்டலாம்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. சந்திரகலா சொன்னது மனசில் கிடந்து குடைந்தது. வியாழக்கிழமை என் நாற்காலியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்தேன். டிபன் வரைக்கும் ஜம்பமாக இருந்தது. மூன்று மணிக்கு மேஜையைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் செருப்பு காலில் ஏறவில்லை. தச்சர் ஆசீர்வாதம் என்னைத் தாங்கிக்கொண்டு போய்க் கட்டிலில் விட்டார். "சாருக்கு வேண்டுதலா?" என்று கேட்டார்.

வெல்ஃபேர் ஆபீசர் என்று போர்டு போட்டுக்கொண்டு நாலு வருஷமாக அந்தப் பெண்களுக்கு நியாயம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வலியைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

முறையை நானாக எடுக்கமாட்டேன், அது அவர்களுடையது. ஆனால் நீ போய்க் கேள். உட்காருவதற்கு வேறு வழி கிடைத்தால் அவர்கள் விடுவார்களா? கூட்டம் போடாமல் கேள். தொண்டையைக் கனைக்காதே.

அண்ணா


திருவள்ளூர்
22-12-1975

அண்ணா! அண்ணா! அண்ணா!

ஜெயித்தாச்சு! பாதி ஜெயித்தாச்சு!

தொண்டையைக் கனைக்கவே இல்லை. ஒரு வாரம் டிபன் நேரத்தில் பாக்கிங் செக்‌ஷனில் போய், நானும் அவர்களோடு நின்றுகொண்டே சாப்பிட்டேன். நீ நின்ற கதையைச் சொன்னேன். செருப்பு ஏறாத இடம் வந்ததும் அப்படி ஒரு சிரிப்பு! சூபர்வைசர் ஓடிவந்து பார்த்தார். சந்திரகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆபீசரு நின்னாரா? மெய்யாலுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சொன்னாள்:

"ஒசரமா ஒரு ஸ்டூலு போட்டா ஒக்காந்துகினே கட்டலாம்மா. மேஜைக்கு ஏத்த மாரி. நாங்க இன்னா தொட்டில் ரூமுக்கா அலையறோம்? ஒக்காரத்தான அலையறோம். ஸ்டூலு வரட்டும், மொறைய உட்டுடறோம்."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். யாரை ஆயாவாகப் போடுவது என்று நான் வாயைத் திறக்கவே இல்லை, அவர்களே மணியம்மாளைத்தான் சொன்னார்கள். அவளோ உடனே தலையாட்டவில்லை. "அது ஒக்கார்ற வேலன்னு எவ சொன்னா? நாள் பூரா ஓடணும்" என்றாள். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு குழந்தைக்கு உடம்பு சுட்டால் அவள் நேரே செக்‌ஷனுக்குள் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவாள், சூபர்வைசர் முறைக்கக் கூடாது. அவள் லீவு போட்டால் சந்திரகலா பார்த்துக்கொள்வாள், அதற்காக தினமும் கொஞ்ச நேரம் வந்து குழந்தைகளிடம் முகம் காட்டிவிட்டுப் போவாள். இதெல்லாம் ஆபீசர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எவ்வளவு சமர்த்து பார்!

மீதிப் பாதி மானேஜர். சூபர்வைசர் போய் ஸ்டூல் என்றதும், "உட்கார்ந்தால் தூங்குவார்கள், அதற்கு பட்ஜெட்டும் இல்லை" என்று சொல்லிவிட்டார். அவரிடம் நான் பேசினால் லீடர் என்பார். இனி உன் கையில்தான் இருக்கிறது. தை பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான், மறந்துவிடாதே.

பாமா


கும்மிடிப்பூண்டி
5-1-1976

அன்புள்ள பாமா,

நீ மூன்று தரம் அண்ணா என்று எழுதியதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மானேஜருக்கு ட்ரங்க் கால் போட்டேன்.

அவர் அதே பாட்டைப் பாடினார். "தூங்குகிறவள் நின்றுகொண்டும் தூங்குவாள் சார், நான் நின்று பார்த்திருக்கிறேன்" என்றேன். பட்ஜெட் என்றார். அதற்கு என்னிடம் பதில் தயார். இங்கே மெஷின்கள் வந்து இறங்கிய மரப்பெட்டிகள் மலை மாதிரி கிடக்கின்றன. சீமைப் பலகை, ஆணி போக முழுசு முழுசாக இருக்கிறது. இரண்டு மழை பார்த்தால் கரையான்தான் தின்னும். "கம்பெனிக்குக் காலணா செலவில்லை, பலகை வீண், ஆள் என் ஆள்" என்றேன். "அப்புறம் உற்பத்தி குறைந்தால் உம்மைத்தான் கேட்பேன்" என்றார். கேளுங்கள் என்றேன். இப்படிப் பேசினது நானா என்று எனக்கே ஆச்சரியம்!

ஆசீர்வாதம் முதலில் ஒரு ஸ்டூல் செய்து என்னை உட்காரச் சொன்னார். குட்டையாக இருந்தது. மேஜை உயரம் என்னவென்று உனக்குத் தந்தி அடிக்கலாமா என்று யோசித்தேன். அப்புறம் இங்கே வந்திருக்கும் புது பாக்கிங் மேஜையே அதே அளவு என்று ஞாபகம் வந்தது. இப்போது கால் வைக்க ஒரு குறுக்குக் கட்டையும் சேர்த்து, தினமும் வேலை முடிந்தபின் தட்டுகிறார். நான் உப்புத்தாள் தேய்க்கிறேன். கை முழுக்கச் சிராய்.

மணியம்மாளின் நிபந்தனைகளை அப்படியே டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. பொங்கலுக்குள் லாரி வரும். உன் ஆத்துக்காரரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்.

அண்ணா


திருவள்ளூர்
20-1-1976

அண்ணா,

எங்கிருந்து ஆரம்பிப்பது!

பொங்கல் வந்தது, போனது, உன் லாரி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இவர், "நாளையோட சரி, பாமா" என்றார். நானும் ராஜினாமாவை எழுதி டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு நேற்று வேலைக்குப் போனேன். தொட்டில் ரூமில் புது ஆயா. அம்பு என் புடவையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துவிட்டுப் போனேன். கடைசியாக எரியவிடுகிற பல்புகள் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

டிபன் மணி அடித்தது. கேட்டில் ஹாரன்!

பாக்கிங் பெண்கள் சோற்றுக் கையோடு ஓடினார்கள். நானும் ஓடினேன். லாரி நிறைய ஸ்டூல், மேலே ராஜா மாதிரி ஆசீர்வாதம் உட்கார்ந்திருந்தார். பொன்னேரி தாண்டி அச்சு முறிந்து ஆறு நாள் கிடந்ததாம், ஒரு ஸ்டூலைக்கூட யாரும் தொடவிடாமல் காவல் இருந்தாராம் மனுஷர். இறக்கி வைக்கும் வரை பொறுமையில்லை, சந்திரகலா லாரியிலேயே ஏறி ஒன்றில் உட்கார்ந்து காலை ஆட்டினாள். "அம்மாடி! என் காலு எனக்குத் திரும்பி வந்துட்ச்சு!" என்றாள். ஸ்டூலுக்கு அடியில் இங்கிலீஷில் 'இந்தப் பக்கம் மேலே' என்று பெட்டி எழுத்து இருக்கிறது, அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பு. மானேஜர்கூட வந்து ஒன்றில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

மணியம்மாள் ஸ்டூலைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நேரே தொட்டில் ரூமுக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்பு மூலையில் தேம்பிக்கொண்டிருந்தாள். மணியம்மாள் ஒன்றும் செய்யவில்லை, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கிண்ணத்தைத் திறந்து, "காக்கா எங்க?" என்றாள். அவ்வளவுதான். என் பெண் எழுந்து தத்தித் தத்திப் போய் அவள் மடியில் விழுந்து வாயைத் திறந்தாள். தயிர்சாதம் முழுவதும்! கிண்ணத்தை வழித்து விரலையும் நக்கினாள். நான் ராஜினாமாவைக் கிழித்து டெஸ்டிங் குப்பைக் கூடையில் போட்டேன். மூக்கைச் சிந்தச் சிந்த மூன்று பல்பு கை தவறி உடைந்தது. போகட்டும்.

சாயங்காலம் நான் கையை நீட்டினால் அம்பு வரமாட்டேன் என்கிறாள். மணியம்மாள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மணி, மணி" என்கிறாள். எனக்குச் சந்தோஷம், கொஞ்சம் பொறாமையும்கூட. இன்று காலை வாசலில் விட்டதும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். இவரும் வந்திருந்தார், கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று. பார்த்துவிட்டு, "சரி, நீ போய் பல்ப எரிய வை" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

தை அமாவாசைக்கு நம் குடும்பத்துக் கைங்கர்ய முறை. கோயிலுக்கு எப்படியும் வருவாய். ஆத்துக்கு வருவாயோ மாட்டாயோ, தெரியாது. வந்தால் இப்போதே சொல்லி வைக்கிறேன், உன்னைக் கண்டதும் அம்பு அழுவாள். கோபித்துக்கொள்ளாதே. அவளுக்கு நீயும் திங்கட்கிழமை ஆயாதான். முறைக்கு மட்டும் வருகிற முகம் அவளுக்குத் தெரியாது அண்ணா.

பாமா


கும்மிடிப்பூண்டி
24-1-1976

பாமா,

அமாவாசை அன்று கோயில் வேலை முடிந்ததும் நேரே உன் ஆத்துக்குத்தான் வருகிறேன். மறுநாள் ஞாயிறு, அன்றும் இருப்பேன். அதற்கு அடுத்த ஞாயிறும் வருவேன், அதற்கு அடுத்ததும்.

அம்பு அழட்டும். அந்தக் காக்காயை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் மணியம்மாளிடம் கேட்டு எழுது.

அண்ணா